ஊளம்பாறையா, கீழ்ப்பாக்கமா? வாசகசாலைப் பலகைக்கு ஒரு சந்தேகம்

பழையாறு (கேள்வி)

எங்க வாசகசாலை ஆண்டு விழாவுக்குக் குமரி மாவட்ட வைத்திய வரலாறுன்னு ஒரு கண்காட்சி. மொத்தம் பன்னிரண்டு பலகை. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி, அம்மை குத்தல், வர்ம ஆசான்மார்னு பதினொன்று முடிஞ்சாச்சு. மனநோய்ப் பலகை மட்டும் இழுத்துக்கிட்டே கிடக்கு. பையன்கள் எழுதித் தந்த வரைவு இது:

"குமரி மாவட்ட மனநோயாளிகள் 1794 முதல் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டனர். இந்தியாவின் முதல் மனநல மருத்துவமனை அதுவே. அங்கே நோயாளிகளுக்கு மின்அதிர்ச்சி கொடுக்கப்பட்டது. பிரெஞ்சு மருத்துவர் பினேல் 1793-ல் சங்கிலிகளை உடைத்தெறிந்தார்."

நாலு வரி, நாலும் இடிக்குது. நம்ம ஊர்ப் பெரியவங்க வாயில கீழ்ப்பாக்கம் வந்து நான் கேட்டதே இல்லை. "ஊளம்பாறையில கொண்டு விடணும்"னுதான் திட்டுவாங்க. ரெண்டில் எது சரி? அந்தக் காலத்தில் ஒருத்தரைச் சேர்க்கணும்னா வீட்டார் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வந்தாப் போதுமா? ஷாக் தவிர வேறு என்ன வைத்தியம் இருந்தது?

இன்னொண்ணு. ஒரு பழைய அச்சிட்ட அறிக்கையின் நகல் பக்கம் கையில் இருக்கு. வருஷம் 1105. மேனியா, மெலங்கோலியா, டிமென்ஷியான்னு பத்திகள். காரணம் என்ற பத்தியில் கஞ்சா என்று நிறைய இடத்தில். இதைத் தமிழில் எப்படிப் போடுவது? தெர்மகோலில் ஒரு செல் மாதிரியும் செய்யப் போறாங்க, அதுக்கும் யாராவது வழி சொல்லுங்க.

தக்கலை ரெக்கார்டு

அண்ணே, பெரியவங்க சொல்லுவதுதான் சரி. வரைவின் முதல் வரியை முழுசா அடிச்சிடுங்க.

1956 நவம்பர் 1 வரைக்கும் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் திருவிதாங்கூர் பக்கம். கடைசி ஏழு வருஷம் திருவிதாங்கூர்-கொச்சி. சென்னை மாகாண ஆஸ்பத்திரிக்கும் நமக்கும் நிர்வாக சம்பந்தமே கிடையாது. திருவனந்தபுரத்தில் ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில், மாதவ ராவ் திவானாக இருந்தபோது, 1870-ல் சமஸ்தானம் சொந்தமாக ஒரு பைத்தியகார ஆஸ்பத்திரி தொடங்கியது. இன்றைக்கு ஊளம்பாறையில் பேரூர்க்கடை பக்கம் இருக்கும் மனநல மையம் அதன் தொடர்ச்சி. மலையாளக் காகிதங்களில் 'பிராந்தாசுபத்திரி' என்று வரும். நம்ம பக்கத்துப் பேச்சில் பிராந்தன், பிராந்து என்பதெல்லாம் புழங்குவது தெரிந்ததுதானே.

கேரளத்தில் இன்றைக்கு அரசு மனநல மருத்துவமனை மூன்று இருப்பதே பழைய எல்லைக் கோட்டின் தடம்தான். திருவனந்தபுரம் திருவிதாங்கூருடையது. திருச்சூர் கொச்சி சமஸ்தானத்துடையது, 1889. கோழிக்கோடு குதிரவட்டம் மலபாரில், அதாவது சென்னை மாகாணத்தில் இருந்தது, 1872. மூன்று அரசு, மூன்று ஆஸ்பத்திரி.

பலகையில் ஒரு வரைபடம் போடுங்க. ஆரல்வாய்மொழிக் கணவாய்தான் எல்லை. கணவாய்க்கு அந்தப் பக்கம் பணகுடியில் ஒருத்தருக்குச் சித்தம் கலங்கினால் அவர் திருநெல்வேலி ஜில்லாக்காரர், சென்னை மாகாணச் சட்டம், சென்னை ஆஸ்பத்திரி. இந்தப் பக்கம் தோவாளைக்காரருக்கு ஊளம்பாறை. காற்று மட்டும்தான் ரெண்டு பக்கமும் ஒன்று.

அப்புறம் தூரம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 65 கிலோமீட்டர், சென்னை சுமார் 700. நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979-ல், அதுவும் திருவனந்தபுரத்திலிருந்து. திருநெல்வேலி இணைப்பு 1981. சமஸ்தான அரசு பஸ் 1938-லேயே தொடங்கிவிட்டது. ஆகவே 1956-ல் ஜில்லா கை மாறினாலும் ஜனங்களின் கால் மாறவில்லை; களியக்காவிளை தாண்டித்தான் போனாங்க. சொல்வழக்கு நிலைச்சதுக்கு இதுவே காரணம்.

சென்னை ஆஸ்பத்திரி பற்றியும் ஒரு திருத்தம். 1794-ல் வாலன்டைன் கானலி என்ற கம்பெனி சர்ஜன் புரசைவாக்கத்தில் 16 பேருக்கு ஒரு வீட்டில் நடத்தியது அது. கீழ்ப்பாக்கம் லோகாக் தோட்டத்துக்குப் போனது 1871-ல். 'கவர்ன்மென்ட் மென்டல் ஹாஸ்பிடல்' என்று பெயர் மாறியது 1922-ல். 1794-ல் கீழ்ப்பாக்கம் என்று எழுதினால் தப்பு. இந்தியாவில் முதலாவதும் இல்லை. பம்பாயில் 1745, கல்கத்தாவில் 1787 என்றுதான் வழக்கமாகக் கணக்குச் சொல்வது.

ரிசப்ஷன் ஆர்டர்

கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வருவது, அந்தப் பழைய முறையில் கிடையாது. வைத்தியர் சேர்க்க மாட்டார், மாஜிஸ்திரேட்தான் சேர்ப்பார். இதைப் புரிஞ்சுக்கிட்டா பலகையின் பாதி வேலை முடிஞ்சது.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1858-ல் ஒரு சட்டம், அதை மாற்றி 1912-ல் இந்திய லூனசிச் சட்டம், அதாவது பைத்தியச் சட்டம். தக்கலை சொன்ன எல்லையை மனசில் வைங்க: இது பணகுடிக்காரருக்குப் பொருந்தும், சமஸ்தானம் தனி அரசு, பிரிட்டிஷ் இந்தியச் சட்டம் அங்கே தானாகச் செல்லாது. பலகையில் இதைச் சென்னை மாகாண நடைமுறை என்று தலைப்பிட்டே போடுங்க.

1912 முறையில் உள்ளே போக இரண்டு பிரதான வழி. முதலாவது மனு. கணவனோ மனைவியோ சொந்தக்காரரோ மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்கணும். மனுக் கொடுப்பவர் மேஜராக இருக்கணும், முந்தைய 14 நாளுக்குள் நோயாளியை நேரில் பார்த்திருக்கணும். கூட இரண்டு டாக்டர் சர்டிபிகேட், அதில் ஒருவர் அரசு மருத்துவ அதிகாரி. இருவரும் தனித்தனியே, மனுத் தேதிக்கு முந்தைய 7 நாளுக்குள் பார்த்திருக்கணும். சர்டிபிகேட்டில் 'சித்த சுவாதீனமில்லை' என்று முடிவை மட்டும் எழுதினால் போதாது. டாக்டர் தானே கண்டது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது என்று பிரித்து எழுதணும். பொய் மனு போட்டுச் சொத்துக்காக ஆளை அடைப்பதைத் தடுக்கத்தான் இத்தனை கட்டு.

இரண்டாவது வழி போலீஸ். தெருவில் அலைபவர், ஆபத்தானவர் என்று தோன்றினால் ஸ்டேஷன் அதிகாரி பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார். மருத்துவ அறிக்கைக்காக ஒரு தடவைக்கு 10 நாள், மொத்தம் 30 நாளுக்கு மேல் போகாமல் வைத்திருக்கலாம். நடைமுறையில் அந்த நாட்கள் பெரும்பாலும் ஜெயிலில்தான். ஜெயில் வழியாக ஆஸ்பத்திரிக்கு வந்தவர் குற்றவாளி என்று நினைக்கக் கூடாது. பழைய பட்டியல்களைப் படிப்பவர் நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். குற்றம் செய்யாத மனநோயாளியை ஜெயிலில் வைப்பது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது 1993-ல், ஷீலா பார்சே வழக்கில்.

சுயமாக வந்து சேரவும் ஒரு சின்ன வாசல் உண்டு. ஆஸ்பத்திரியைப் பார்வையிட அரசு நியமித்தவர்களுக்கு விசிட்டர்கள் என்று பெயர்; அவர்களில் இருவர் சம்மதித்தால் சேரலாம், எழுதிக் கொடுத்து 24 மணி நேரத்தில் வெளியேறலாம். இதைப் பயன்படுத்தியவர் சொற்பம்.

இப்போ வெளியே வருவது. உங்க பலகைக்கு முக்கியமான இடம் இதுதான், ஆனா யாரும் எழுதுவதில்லை. மனுப் போட்டுச் சேர்த்தவர் எழுதிக் கேட்டால் விடணும், ஆபத்தானவர் என்று பொறுப்பதிகாரி சான்று எழுதினால் மட்டும் மறுக்கலாம். உறவினரோ நண்பரோ பார்த்துக் கொள்கிறேன் என்று உறுதிப்பத்திரம் கொடுத்தாலும் விடலாம். மூன்று விசிட்டர்கள், அதில் ஒருவர் மருத்துவ அதிகாரி, சேர்ந்து எழுதினாலும் விடலாம். காகிதத்தில் மூன்று கதவு. முதல் இரண்டுக்கும் வெளியே ஒரு ஆள் வந்து நிற்கணும். போலீஸ் வழியாக வந்தவருக்கு மனுதாரரே கிடையாது, ஊர் பேரும் பல சமயம் தெரியாது. அவருக்கு மூன்றாவது கதவு மட்டும்தான். விசிட்டர்கள் மாதாமாதம் வந்து பார்க்கணும் என்பது சட்டம். வந்தவர்கள் கஞ்சியைச் சுவைத்து, கக்கூசைப் பார்த்து, புத்தகத்தில் திருப்தி என்று எழுதிவிட்டுப் போவார்கள்; 'இவரை எங்கே அனுப்புவது' என்ற கேள்விக்கு அவர்களிடமும் இடம் இல்லை. வியாதி தணிந்த பிறகும் இருபது, முப்பது வருஷம் உள்ளேயே கிடந்தவர்கள் இப்படித்தான் உண்டானார்கள். சுவர் உயரம் அல்ல காரணம், கையெழுத்துப் போட ஆள் இல்லை.

இந்த முடிச்சைச் சட்டத்துக்கு வெளியே அவிழ்த்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அமிர்தசரஸ் மென்டல் ஹாஸ்பிடலில் 1950-களில் டாக்டர் வித்யாசாகர், குடும்பத்தாரையும் வளாகத்துக்குள் கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். கூட இருந்து கவனித்த வீட்டாரே திரும்பக் கூட்டிட்டுப் போனார்கள். வேலூர் சி.எம்.சி.யிலும் பின்னால் குடும்பத்தோடு தங்கும் முறை வந்தது. கீழ்ப்பாக்கத்தில் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த சாரதா மேனனையும் இந்த இடத்தில் ஒரு வரி சொல்லலாம். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்.

1912 சட்டம் போய் 1987 சட்டம் வந்தாலும் நடப்புக்கு வந்தது 1993 ஏப்ரல் 1. இப்போதிருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் நிறைவேறி 2018 மே 29 முதல். இதில் தானாக வருபவர்தான் பொது விதி. பிறர் உதவியோடு சேர்ப்பதற்கு முதலில் 30 நாள் வரம்பு, 89-ஆம் பிரிவு.

மருந்துப்பெட்டி

ஷாக் என்று ஒற்றை வரியில் முடிக்காதீங்க. கரண்ட் வைத்தியம் வந்ததே 1938-ல், ரோமில் செர்லெட்டியும் பினியும். உங்க அறிக்கைப் பக்கம் 1105 என்றால் அது 1929-30. அந்த வருஷம் உலகத்தில் எங்கேயும் கரண்ட் வைத்தியம் இல்லை.

அதுக்கு முன்னாடி இருந்தது தூங்க வைக்கிற மருந்துகள். குளோரல் ஹைட்ரேட், பொட்டாசியம் புரோமைடு, பாரால்டிஹைடு. பாரால்டிஹைடு மூச்சிலேயே வெளியேறும், வார்டு முழுக்க அந்த நாற்றம்தான். கண்ணாடி ஊசிக்குழல்தான் வேண்டும், பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். பழசானால் உடைந்து அசிட்டிக் அமிலமாகும், அதை ஊசியில் ஏற்றினால் சதை வெந்துபோகும். புரோமைடு வேறு மாதிரி வில்லங்கம். உடம்பில் பாதி குறையவே சுமார் 12 நாள் ஆகும். தினமும் கொடுத்தால் ஏறிக்கொண்டே போய் தடுமாற்றம், பிரமை, உளறல் எல்லாம் அந்த மருந்தே உண்டாக்கும். நோய் முற்றிவிட்டது என்று நினைத்து அளவைக் கூட்டினால் இன்னும் மோசம். உப்புக் குறைந்த சாப்பாடு சாப்பிடுபவருக்கு இது சீக்கிரம் வரும். மாற்று மருந்து சாதாரண சாப்பாட்டு உப்புதான்.

மலேரியா வைத்தியம் என்று ஒன்று இருந்தது, பையன்கள் நம்ப மாட்டாங்க. மூளையைத் தாக்கிய சிபிலிஸ் நோய்க்கு, வியன்னாவில் வாக்னர்-யாவுரெக் 1917-ல் தொடங்கியது. மலேரியா நோயாளியின் ரத்தம் சில மில்லி ஊசியில் ஏற்றி, எட்டிலிருந்து பன்னிரண்டு காய்ச்சல் வரை விட்டு, பிறகு குயினைன் கொடுத்து நிறுத்துவார்கள். 1927-ல் நோபல் பரிசு. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் சாதுவான வகையாக இருக்கணும். தவறிப்போய் கொடிய வகை ஏறினால் ஆளே போயிடும். பென்சிலின் வந்ததும் இது ஒழிந்தது.

1930-களில் இரண்டு. 1933-ல் சாக்கெல் கொண்டுவந்த இன்சுலின் கோமா: காலையில் வெறும் வயிற்றில் 10, 20 யூனிட்டில் ஆரம்பித்து நாளுக்கு 5, 10 கூட்டி, நினைவு தப்பும் அளவு வரை. பலருக்கு 100-ஐத் தாண்டும். மூக்குக் குழாய் வழியாகவோ நரம்பிலோ குளுக்கோஸ் ஏற்றி எழுப்புவார்கள். வாரத்துக்கு ஆறு நாள், மொத்தம் முப்பதிலிருந்து அறுபது தடவை. சிலர் குளுக்கோஸ் ஏறியும் எழ மாட்டார்கள். எழுந்தவரும் சாயங்காலமோ ராத்திரியோ மறுபடி சரியலாம், அதனால் இருபத்து நாலு மணி நேரமும் நர்ஸ் வேண்டும். 1953-ல் லேன்செட் மருத்துவ இதழில் போர்ன் என்ற டாக்டர் இதைக் கட்டுக்கதை என்று எழுதினார், சில வருஷத்தில் வழக்கொழிந்தது. 1934-ல் மெடூனா கொண்டுவந்த, வலிப்பை வரவழைக்கும் கார்டியசால் ஊசி: வலிப்பு வருவதற்கு முந்தைய சில வினாடிகளில் வரும் மரண பயம் தாங்காமல் இரண்டாவது ஊசிக்குப் பலர் சம்மதிக்க மாட்டார்கள்.

கரண்ட் வைத்தியம் ஜெயித்தது இந்த ஒப்பீட்டில்தான். 70 முதல் 120 வோல்ட், அரை வினாடிக்குள். உடனே நினைவு தப்புவதால் பயம் தெரியாது. மயக்கமருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் இல்லாமல் கொடுத்தபோது வலிப்பின் இழுப்பில் முதுகெலும்பு நசுங்கும், தாடை கழலும், நாக்கு கடிபடும். 1940-ல் குராரே, 1950-களின் தொடக்கத்தில் சக்சினைல்கோலின் வந்து அது சரியானது. மயக்கமருந்து இல்லாமல் கொடுப்பதை இந்தியாவில் சட்டம் முற்றாகத் தடுத்தது 2017 சட்டத்தின் 95-ஆம் பிரிவில். ஆனா சரியான முறையில் இன்றைக்கும் கொடுக்கிற, பலன் தருகிற வைத்தியம் இது. பலகையைப் பார்த்துட்டு யாரோ ஒரு வீட்டில் டாக்டர் சொன்னதைக் கேட்காமல் போயிடக் கூடாது. 'கொடுமை' என்ற சொல் மட்டும் பலகையில் வந்துடக் கூடாது.

வார்டைப் புரட்டிப் போட்டது 1952-ல் பாரிஸில் வந்த குளோர்புரோமசின், இங்கே கடைப்பெயர் லார்காக்டில். கத்தல் அடங்கியது, ஆனால் கை கால் விறைக்கும், வெயிலில் தோல் கருகும். தோட்ட வேலைக்கு அனுப்பும் ஆஸ்பத்திரிகளில் இந்த இரண்டாவதைக் கவனிக்காமல் விட்டது சின்ன விஷயமில்லை.

நம்ம மலைக்காட்டுச் சரக்கு ஒன்றும் இருக்கு: சர்ப்பகந்தி, சிலர் சிவன் அமல்பொடி என்பார்கள், மலையாளத்தில் அமல்பொரி. 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இதன் வேர்ப்பொடியை 20 முதல் 30 கிரெய்ன், நாளைக்கு இரண்டு வேளை கொடுத்து, பித்துக்கும் ரத்தக்கொதிப்புக்கும் கேட்கிறது என்று எழுதினார்கள். ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம், ஆக வேளைக்கு 1.3 முதல் 2 கிராமுக்குள். மேல்நாட்டார் இதிலிருந்து ரிசர்பைன் பிரித்தது 1952-ல். மனச்சோர்வைக் கூட்டுகிறது என்று தெரிந்ததும் மனநோய்க்குக் கைவிட்டார்கள். வர்ம ஆசான் பலகைக்குப் பக்கத்தில் இதை வைச்சா ஜோடி சேரும். ஆனா அளவை எழுதாதீங்க. யாராவது வேரைப் பிடுங்கி இடிச்சிருவாங்க.

பினேல் வரி: பாரிஸ் பிசேத்ர் ஆஸ்பத்திரியில் சங்கிலியை எடுத்தது டாக்டர் இல்லை, வார்டு கண்காணிப்பாளர் புஸ்ஸேன், 1797-ல். பினேல் அதைப் பார்த்து வேறொரு ஆஸ்பத்திரியில் செய்தார். நம்ம ஜில்லாப் பலகையில் அவர் எதற்கு?

தக்கலை ரெக்கார்டு

அறிக்கைப் பக்கத்துக்கு வருவோம். 1105 என்பது கொல்லம் ஆண்டு, மலையாளக் கணக்கு. சிங்ஙம் ஒன்றில், நம்ம ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து மார்கழிப் பாதி வரைக்கும் 824 கூட்டணும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. எல்லாவற்றுக்கும் 825 கூட்டுவதுதான் வழக்கமான பிழை. 1105 மகரம் என்றால் 1930 ஜனவரி-பிப்ரவரி. அறிக்கை ஆண்டு முழுவதையும் சொல்லும்போது 1929-30 என்று இரட்டையாகவே போடுங்க.

நோய்ப் பெயர்களை மொழிபெயர்க்காமல் அப்படியே தமிழ் எழுத்தில் போட்டு, அடியில் விளக்கம் கொடுப்பது உத்தமம். டிமென்ஷியா என்பதை மறதி நோய் என்று போட்டீங்கன்னா மாட்டிக்குவீங்க. அந்தக் காலத்தில் அது நாள்பட்டுப் புத்தி மங்கிய நிலை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். இருபத்தைந்து வயசுக்காரரும் அதில் வருவார். இன்றைக்கு ஸ்கிசோஃப்ரீனியா என்கிற பலர் அந்தப் பத்தியில்தான் இருப்பார்கள், அந்தச் சொல்லே 1908-ல்தான் பிறந்தது. மேனியாவும் இன்றைய பொருளில் இல்லை. ஆர்ப்பரிக்கிற எவரும் மேனியா.

காரணப் பத்தியை நம்பவே நம்பாதீங்க. பிரிட்டிஷ் அரசு போட்ட 1893-94 கஞ்சா கமிஷன் இதை நோண்டிப் பார்த்தது. 1892-ல் பிரிட்டிஷ் இந்திய ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தவர் 1,344. அதில் 222 பேருக்குக் காரணம் கஞ்சா என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு கேஸாக விசாரித்ததில் கஞ்சாவோடு ஓரளவாவது இணைக்க முடிந்தது 98 பேரைத்தான். எப்படி இப்படி ஆனது என்றால், ஆளைப் பிடித்து அனுப்பும் போலீஸ்காரர் படிவத்தில் காரணக் கட்டத்தைக் காலியாக விட்டால் மேலிடம் திருப்பி அனுப்பும். கஞ்சா குடிப்பாரா என்று கேட்டு, ஆமாம் என்று யாராவது சொன்னால் எழுதிவிட வேண்டியது. ஆஸ்பத்திரி அதை அப்படியே ரிஜிஸ்டரில் ஏற்றும், ரிஜிஸ்டர் அறிக்கைக்குப் போகும், அறிக்கை புள்ளிவிவரமாகும். உங்க பலகையில் அந்தப் பத்தியை அச்சிட்டால் பக்கத்தில் இந்தக் கதையும் இருக்கணும்.

குணமடைந்தோர் சதவீதம் என்று ஒன்று இருந்தால் எதற்குச் சதவீதம் என்று பாருங்க. அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவர்களில் சதவீதமா, தினசரி சராசரி எண்ணிக்கையிலா என்பதைப் பொறுத்து எண் தலைகீழாகும். இறப்புக்கு வயிற்றுக்கடுப்பு, காசம், ரத்தசோகை என்றுதான் பெரும்பாலும் இருக்கும். மூளை வியாதியால் செத்தவரைவிட நெரிசலாலும் தண்ணீராலும் செத்தவர் அதிகம்.

செல் மாதிரிக்கு: கதவு வெளிப்பக்கம் திறக்கணும், உள்ளே இருப்பவர் முட்டுக் கொடுத்து அடைக்க முடியாதபடி. தாழ்ப்பாள் வெளியே. சன்னல் தலைக்கு மேலே. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் சன்னல் 5 அங்குலத்துக்கு மேல் திறக்கக் கூடாது என்று அந்தக் காலத்தில் விதி இருந்தது. பையன்கள் ஜெயில் மாதிரி கம்பிக் கதவு வைப்பாங்க, அதை மட்டும் பார்த்துக்குங்க.

பழையாறு

எல்லாருக்கும் நன்றி. மருந்துப்பெட்டி அக்கா சொன்னபடி பினேல் வெளியே போயாச்சு. முப்பது வருஷம் உள்ளே கிடந்த நம்ம ஜில்லாக்காரர் ஒருத்தரின் ரெக்கார்டு கிடைத்தால் பலகைக்கு உயிர் வரும்னு பையன்கள் சொல்றாங்க. எங்கே கேட்பது? ஏர்வாடியைச் சேர்க்கணுமா?

ரிசப்ஷன் ஆர்டர்

தனி ஆள் ரெக்கார்டைப் பலகையில் வைக்காதீங்க மக்கா. 2017 சட்டம் 24-ஆம் பிரிவில் சிகிச்சையிலிருப்பவரின் போட்டோவோ விவரமோ சம்மதமில்லாமல் ஊடகத்துக்குப் போகக் கூடாது என்று இருக்கு. செத்தவராகவே இருந்தாலும் வீட்டுப் பேரைப் பார்த்து ஊர் கண்டுபிடிச்சிடும், நம்ம ஊரு சங்கதி தெரியாதா. வேணும்னா பேர், வீட்டுப்பேர், ஊர், சாதி நாலையும் மறைச்சு தாலுகாவையும் பத்தாண்டையும் மட்டும் போடுங்க.

ஆராய்ச்சிக்குக் கேட்பதானால், முதலில் திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் இருக்கும் கேரள ஆவணக் காப்பகம். பழைய சமஸ்தானக் கோப்புகள் அங்கேதான்; கவர் ஃபைல் என்ற வரிசையைக் கேளுங்க. தேடும்போது 'மென்டல்' என்று மட்டும் தேடினால் 1920-களுக்கு முந்தையது ஒன்றும் வராது, 'லூனாட்டிக்', 'இன்சேன்' என்றும் தேடணும். மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க.

ஆஸ்பத்திரியிடமே கேட்பது என்றால் தகவல் உரிமை மனு, கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில். தனிப்பட்ட தகவல் என்று மறுத்தால் 8-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவைக் காட்டலாம்: 20 வருஷத்துக்கு முந்தைய நிகழ்வுக்குப் பெரும்பாலான விலக்குகள் செல்லாது. ஆளைக் கேட்காமல் எண்ணிக்கையைக் கேளுங்க. இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை, நாலு தாலுகாவிலிருந்து சேர்ந்தவர் எத்தனை, எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்று. கேஸ் ஷீட் மிஞ்சியிருப்பது அபூர்வம், ஏனென்றால் மருத்துவக் கவுன்சில் விதி மூன்று வருஷம்தான் வைக்கச் சொல்கிறது. சேர்க்கை ரிஜிஸ்டர் கெட்டி அட்டைப் புத்தகம் என்பதால் தப்பிப் பிழைக்கும்.

இன்னொரு மூலம், 1881 முதல் 1931 வரை நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள். குருடர், ஊமைச் செவிடர், குஷ்டரோகி, பைத்தியம் என்று நாலு வகை எண்ணினார்கள். திருவிதாங்கூர் தொகுதிகளையும் பாருங்க. பெண்கள் எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தால் அதை நோயின் குணமாக எழுதாதீங்க. வீட்டுக்கு வந்த எண்ணுகிறவரிடம் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணைப் பற்றி யார் சொல்லுவா?

ஏர்வாடி ராமநாதபுரம் ஜில்லா. நம்ம ஜில்லாப் பலகையில் இரண்டு வரி போதும்: 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை தனியார் விடுதியில் தீ, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் பலி, அதன் பிறகு உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது. சங்கிலி போடுவதையும் 2017 சட்டத்தின் அதே 95-ஆம் பிரிவு தடுக்கிறது. பலகையின் கீழே அரசின் மனநல உதவித் தொலைபேசி, டெலி-மானஸ் எண் 14416 பெரிய எழுத்தில் இருக்கட்டும். பார்க்க வருகிற ஐம்பது பேரில் ஒருத்தருக்காவது அது வேணும்.

பழையாறு

சரி. கடைசியா ஒரே ஒரு சின்னச் சந்தேகம். அதே பக்கத்தில் ஒரு இடத்தில் '9 ரூ. 14 ச.' என்று இருக்கு. பையன் 9 ரூபாய் 14 சதம் என்று தட்டச்சு பண்ணி வைச்சிருக்கான்.

தக்கலை ரெக்கார்டு

சதம் இல்லை, சக்கரம். சர்க்கார் ரூபாய் ஒன்றுக்கு 28 சக்கரம், ஒரு சக்கரத்துக்கு 16 காசு. பிரிட்டிஷ் ரூபாய் என்றால் 28½ சக்கரம். அப்போ 14 சக்கரம் அரை ரூபாய், தொகை ஒன்பதரை ரூபாய். இன்றைய ரூபாய்க்கு மாற்றிப் போடச் சொல்லாதீங்க, அப்படியே விடுங்க.